ஆறு சுத்தமானால் யாருக்கு லாபம்?

‘பசுமைக் கட்டமைப்பு’ என்று ஒரு சொல் சில வருடங்களாகப் பேப்பரைத் திறந்தால் கண்ணில் படுகிறது. ஏரியைத் தூர் வாருவது, ஆற்றங்கரையில் பூங்கா போடுவது, சதுப்பு நிலத்தை மீட்பது, தெருவில் மரம் வைப்பது, மழைத் தண்ணீர் தரைக்குள் இறங்க வழி செய்வது, எல்லாவற்றையும் சேர்த்து இப்படிச் சொல்கிறார்கள். நம் பாட்டன்மார் ஏரி, குளம், ஊருணி, வாய்க்கால் என்று தனித்தனியாகப் பெயர் சொல்லிச் செய்ததுதான். பெயரோடு எனக்குச் சண்டை இல்லை. அதோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு வாக்கியத்தோடுதான் சண்டை. “இதனால் உள்ளூர்ப் பொருளாதாரம் வளரும், எல்லோருக்கும் நன்மை” என்கிறார்களே, அதில் அந்த ‘எல்லோருக்கும்’ என்பது பொய்.

நன்மை வரும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வருகிற நன்மையில் பெரும்பங்கு நிலத்தின் விலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு அது லாபம். வாடகைக்கு இருப்பவனுக்கு அது வாடகை உயர்வு. புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவனுக்கு அது காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ். அரசாங்கம் போடுகிற பணம் ஒன்றுதான். கிடைக்கிற பலன் மூன்று பேருக்கு மூன்று விதம்.

இதை எந்தப் புத்தகத்தையும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வங்கியில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். கடைசிப் பகுதி முழுக்க வீட்டுக் கடன் பிரிவு. தினமும் மேஜைக்கு வரும் வேல்யுவேஷன் ரிப்போர்ட்டுகளைப் படிப்பதே பிழைப்பு. தொண்ணூறுகளில் மனை ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றால் என்ஜினியர் அதைக் குறையாகத்தான் எழுதுவார். கொசு, நாற்றம், மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் என்று மதிப்பைக் குறைப்பார். பத்துப் பதினைந்து வருடம் கழித்து அதே மாதிரி ஏரியைச் சுற்றி நடைபாதை போட்டு, நாலு விளக்கு நட்டு, வேலி கட்டியதும் அது ‘லேக் வியூ’ ஆகிவிட்டது. ஒரே கட்டடத்தில் ஏரியைப் பார்த்த ஃப்ளாட்டுக்குத் தனியாக ‘வியூ சார்ஜ்’ வாங்கினார்கள். அந்த ஏரியைச் சுத்தம் செய்ய பில்டர் ஒரு கூடை மண் அள்ளியிருக்க மாட்டார். அள்ளியது மக்கள் வரிப்பணம். அந்தக் கூடுதல் விலைக்கும் சேர்த்துத்தான் நாங்கள் கடன் கொடுத்தோம், வாங்கியவர் இருபது வருடம் வட்டியோடு கட்டினார். பொதுப்பணம் போட்டு உண்டாக்கிய மதிப்பு, தனியார் கைக்குப் போய், நடுத்தர வர்க்கத்தின் மாதத் தவணையாக மாறும் விந்தையை இத்தனை வருடமும் கிட்ட இருந்து பார்த்தவன் நான்.

கிராமத்திலும் கதை வேறு அல்ல. ஏரி நிரம்பினால் ஊருக்கே வாழ்வு என்போம். ஆயக்கட்டில் நிலம் உள்ளவனுக்கு இரண்டு போகம். நிலம் இல்லாதவனுக்கு அவன் வயலில் நாற்று நடுகிற கூலி. குடிமராமத்து என்று ஊர்கூடிக் கரையைப் பலப்படுத்தியபோதும் மண் சுமந்த தலை ஒன்று, நெல் அளந்த களம் வேறொன்று. தண்ணீரைப் பொதுவாக வைத்துவிட்டு நிலத்தைத் தனியாக வைத்தால் இப்படித்தான் நடக்கும்.

இப்போது சென்னைக்கு வருவோம். கூவத்தைச் சீரமைக்கிறோம், அடையாற்றைச் சீரமைக்கிறோம் என்று வேலை நடக்கிறது. கூவத்துக்காக மட்டும் கணக்கெடுத்து அப்புறப்படுத்தத் திட்டமிட்ட குடும்பங்கள் 14,000-க்கும் மேல். கரையில் இருந்தவர்களை எங்கே கொண்டுபோய்விட்டார்கள்? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். சேத்துப்பட்டிலும் கிரீம்ஸ் சாலைப் பக்கத்திலும் வீட்டு வேலை, மார்க்கெட் வேலை, ஆஸ்பத்திரி வேலை என்று நடந்துபோய்ப் பிழைத்தவர்களுக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி அடுக்குமாடியில் ஒரு கதவு எண். வெள்ள அபாயத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் எங்கே இருக்கின்றன? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி. 2015 டிசம்பரில் செம்மஞ்சேரி தண்ணீரில் நின்றது. ஆற்றுக்கு இடம் விடுவதற்காக ஏழைகளை எடுத்துச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் வைத்தோம். அந்தச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது இனிப்பும் கொடுத்துக்கொண்டோம்.

எங்கள் தெருவில் நாலு வீட்டில் வேலை செய்த ஒரு அம்மா அப்படிப் போனவர். முதல் ஆறு மாதம் விடிகாலையில் கிளம்பி இரண்டு பஸ் மாறி வந்தார். பிறகு இரண்டு வீட்டை விட்டார், பிறகு எல்லாவற்றையும் விட்டார். அவருக்குப் போன சம்பளத்தை எந்தத் திட்ட அறிக்கையிலும் செலவுக் கணக்கில் எழுதியிருக்க மாட்டார்கள். அவர் குடிசை இருந்த இடத்தில் வளரும் செடியை மட்டும் வரவில் எழுதுவார்கள்.

காலை நடையில் கூட வரும் நண்பர் ஒருவர், அரசுப் பணியில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர், இதைச் சொன்னால் உடனே கோபப்படுவார். “ஆக்கிரமிப்பு சார் அது! ஆத்துல வீடு கட்டினா எடுக்காம என்ன பண்றது?” என்பார். நியாயமான கேள்விதான். ஓடும் தண்ணீரின் வழியிலேயே இருக்கும் வீட்டை நகர்த்தத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு தூரம் நகர்த்துவது என்பது பொறியியல் கேள்வி அல்லவே! தண்ணீருக்கு வேண்டியது ஐம்பது அடியோ நூறு அடியோ. இருபது கிலோமீட்டர் என்பது ஆறு கேட்ட தூரம் இல்லை, நிலத்தின் விலை கேட்ட தூரம். ஆற்றங்கரையிலேயே கான்கிரீட்டில் நிற்கும் பெரிய கட்டடங்களுக்கு ஏன் அந்த அடிக்கணக்கு பொருந்துவதில்லை என்று கேட்டால் நண்பர் பேச்சை சுகர் மாத்திரைப் பக்கம் திருப்பிவிடுவார்.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. கூவத்தைப் போலவே நாறிய ஒரு கால்வாயின் கரையில் செய்து காட்டியிருக்கிறார்கள்.

கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவான். அதன் நடுவில் மார்ட்டின் பென்யா என்று ஒரு நீர்வழி, சுமார் ஆறு கிலோமீட்டர். 1930-களில் கிராமத்தில் பிழைப்பு போய் நகரத்துக்கு வந்த ஏழைகள், அதன் கரையில் அலையாத்திக் காட்டுச் சதுப்பில் குப்பையும் இடிபாடும் கொட்டி மேடாக்கிக் குடியேறினார்கள். (நம் ஊர்க் கதை மாதிரியே இருக்கிறதா?) கால்வாய் தூர்ந்தது. மழை பெய்தால் கழிவுநீர் வீட்டுக்குள். தூர் வாரித் தருகிறோம் என்று அரசு சொன்னது. அங்கிருந்த மக்களுக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம். பக்கத்திலேயே வங்கிகள் நிறைந்த பெரிய வணிகப் பகுதி. தண்ணீர் தெளிந்த மறுநாள் தங்கள் மண் தங்கமாகிவிடும், தங்களைத் துரத்திவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2002-லிருந்து இரண்டு வருடம் நூற்றுக்கணக்கான கூட்டங்கள் போட்டுப் பேசினார்கள். அதன் பிறகு 2004-ல் ஒரு சட்டமே வந்தது. தூர் வாருவதற்கு முன்பே, விலை ஏறுவதற்கு முன்பே, அந்தப் பகுதியின் சுமார் 200 ஏக்கர் அரசு நிலம் சமூக நில அறக்கட்டளை ஒன்றுக்குப் போகும் என்று அந்தச் சட்டம் சொன்னது. நிலம் அறக்கட்டளைக்கு. அதன் மேல் உள்ள வீடு அவரவருக்கு. வீட்டுக்காரருக்கு மேற்பரப்பு உரிமை என்று பத்திரம் பதிந்து தருகிறார்கள். பிள்ளைக்குக் கொடுக்கலாம், வீட்டை விற்கலாம், மண்ணை விற்க முடியாது. தூர் வாருவதற்காக நகர்த்த வேண்டிய வீடுகள் அங்கேயும் உண்டு. அவர்களுக்கு அதே பகுதியில் மாற்று வீடு தருவதுதான் அங்கே ஏற்பாடு.

சண்டை இல்லாமல் நடந்துவிடவில்லை. 2009-ல் ஆட்சி மாறியதும் அறக்கட்டளையிடமிருந்து நிலத்தைச் சட்டம் போட்டுப் பிடுங்கினார்கள். எப்படிப் பிடுங்கினார்கள் என்பதுதான் சுவாரசியம். “உங்களுக்குத் தனிப் பட்டா தருகிறோம்” என்று சொல்லிப் பிடுங்கினார்கள்! மக்கள் ஏமாறவில்லை. தெருவிலும் கோர்ட்டிலும் நின்று 2013-ல் திரும்ப வாங்கினார்கள். பிறகு உலக வாழ்விட விருதும் அவர்களைத் தேடி வந்தது.

இந்த ஏற்பாடு நமக்குப் புரியாத ஒன்றல்ல. நம் கோயில் ஊர்களில் ‘அடிமனை’ என்பார்களே, ஸ்ரீரங்கத்தில் விசாரித்தால் அரை மணி நேரம் சொல்வார்கள். மண் கோயிலுடையது, வீடு என்னுடையது, வருடத்துக்கு இவ்வளவு அடிமனை வாடகை. அமைப்பு கிட்டத்தட்ட அதேதான். வித்தியாசம் நிர்வாகத்தில். அடிமனையில் குடியிருப்பவருக்கு வாடகையை நிர்ணயிப்பதில் குரல் இல்லை, மேலே இருந்து உத்தரவு வரும். சமூக நில அறக்கட்டளையின் வழக்கமான முறை, குழுவில் மூன்றில் ஒரு பங்கு அந்த நிலத்தில் குடியிருப்போர், ஒரு பங்கு அக்கம்பக்கத்தார், ஒரு பங்கு பொதுநலத்துக்காக வரும் வெளியார். மண்ணின் சொந்தக்காரர் பட்டியலில் நீங்களும் ஒருவர்.

இந்த யோசனையின் ஒரு வேர் நம் நாட்டில் இருக்கிறது என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். 1951 ஏப்ரலில் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபா பூதானத்தைத் தொடங்கினார். அடுத்த வருடமே அது கிராமதானமாக வளர்ந்தது. தனித்தனியாக நிலம் வாங்கிக் கொடுத்தால் கடன்காரன் பிடுங்கிக்கொள்கிறான், ஆகவே நிலம் ஊருக்குச் சொந்தம், உழுவது குடும்பத்துக்கு உரிமை, வெளியாளுக்கு விற்க முடியாது. தமிழ்நாட்டில் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் இதற்காகக் கால் தேய நடந்தார்கள். இந்தச் செய்தியைக் கடல் தாண்டிப் படித்தவர்களில் ஒருவர் ராபர்ட் ஸ்வான் என்ற அமெரிக்கர். ஜார்ஜியா மாநிலத்தில் ஓட்டுப் போட்டதற்காக வெள்ளைப் பண்ணையார்களால் துரத்தப்பட்ட கறுப்பின விவசாயிகளுக்காக, ஸ்லேட்டர் கிங், சார்லஸ் ஷெராட் முதலியவர்களோடு சேர்ந்து 1969-ல் ‘நியூ கம்யூனிட்டீஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். சுமார் 5,700 ஏக்கர். அதுதான் உலகம் இன்று சமூக நில அறக்கட்டளை என்று சொல்வதற்கு முதல் மாதிரி. வறட்சி வந்தபோது வெள்ளையருக்குக் கிடைத்த அரசுக் கடன் இவர்களுக்கு மறுக்கப்பட்டு 1985-ல் நிலம் கைவிட்டுப் போனது. 2009-ல் அந்த அநியாயத்துக்காக 1.2 கோடி டாலர் இழப்பீடு வாங்கினார்கள். மறுபடி நிலம் வாங்கினார்கள். விட்டார்களா பாருங்கள்!

இங்கே என்ன ஆயிற்று? கிராமதானத்தில் பெரும்பகுதி காகிதத்தோடு நின்றது. கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்டவர் வாரிசு திரும்ப எடுத்துக்கொண்டார், கொடுத்த நிலத்தில் பாதி பாறை. ஆகவே “பார்த்தீர்களா, பொது உடைமை நம் ஊரில் வேலைக்கு ஆகாது” என்கிறார்கள். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். கொடுப்பவரின் மனசை நம்பினார்கள், நிலத்தைக் காவல் காக்க வலுவான அமைப்பை ஊர்தோறும் கட்டவில்லை. ஜார்ஜியாவுக்குப் பின்னால் வந்தவர்கள் அமைப்பைக் கட்டினார்கள்.

இப்போது என் நண்பர்களில் இடதுசாரிகள் என் மேல் பாய்வார்கள். “காலம் முழுக்க நிலம் மறுக்கப்பட்டவனுக்குப் பட்டா கொடு என்று நாங்கள் போராடுகிறோம். நீ சொந்த ஃப்ளாட்டில் உட்கார்ந்துகொண்டு அவனுக்கு மட்டும் பொதுச் சொத்து உபதேசம் செய்கிறாயா?” எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி இதுதான். பட்டா என்ற காகிதத்தில் பணம் மட்டுமல்ல, மானமும் இருக்கிறது. அதை நான் கேலி செய்யவில்லை.

ஆனால் பஞ்சமி நிலத்தைப் பாருங்கள். செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கைக்குப் பிறகு, 1892 முதல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று கொடுத்த நிலம், சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். பத்து வருடம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அவர்களுக்குள்தான் கைமாற வேண்டும் என்று நிபந்தனை. நிபந்தனை ஆவணத்தில் பத்திரமாக இருக்கிறது. நிலம் எங்கே? பண்ணையாரிடமும் கம்பெனியிடமும் ரியல் எஸ்டேட்காரரிடமும். தனி மனிதன் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து, “விற்காதே” என்று அதில் எழுதிவிட்டுப் போனால், மகள் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் முன்னால் அந்த எழுத்து எத்தனை நாள் நிற்கும்? வங்கியில் இருந்தவன் சொல்கிறேன், அவசரத்தில் வருகிறவன் கண்ணில் நிபந்தனை தெரியாது. கூவம் கரையில் நாளைக்கே எல்லோருக்கும் பட்டா கொடுத்தால், ஆறு தெளிந்த ஐந்து வருடத்தில் அந்தப் பட்டாக்களில் பாதி நாலைந்து பில்டர்களிடம் இருக்கும். துரத்தாமலே காலி ஆகிவிடும்.

அதனால் அறக்கட்டளை என்றால் ஏழைக்குச் சொத்தே சேரக் கூடாது என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து பர்லிங்டன் நகரில் 1984-ல் இப்படி ஓர் அறக்கட்டளை தொடங்கியது. நகராட்சி கொடுத்த 2,00,000 டாலர் முதல். அப்போது மேயர் பெர்னி சாண்டர்ஸ். அங்கே வீட்டை விற்றுப் போகிறவருக்குத் தான் கட்டிய பணமும், ஏறிய மதிப்பில் கால் பங்கும் கிடைக்கும். மீதி முக்கால் பங்கு வீட்டிலேயே தங்கி, அடுத்து வருகிறவருக்கு விலையைக் கட்டுக்குள் வைக்கும். 2008-க்குப் பிறகு அமெரிக்கா முழுக்க வீடுகள் ஏலத்துக்கு வந்தபோது, இப்படிப்பட்ட வீடுகள்தான் மற்றவற்றைவிட மிகக் குறைவாகப் பறிபோயின. கடன் கொடுப்பவன் பார்வையில் இதைவிட நல்ல சான்றிதழ் என்ன வேண்டும்?

நிலம் கையில் நின்றால்தான் மற்ற நன்மைகளும் உள்ளூரில் நிற்கும். தூர் வாருவது, கரை கட்டுவது, செடி நடுவது, தண்ணீர் விடுவது, பத்து வருடம் பராமரிப்பது எல்லாம் ஆள் வேண்டிய வேலை. பெருமழைக்கு முன்னால் மதகில் அடைத்த குப்பையை எடுக்க அந்தத் தெருக்காரனைவிடத் தெரிந்தவன் யார்? ஆனால் அந்தத் தெருக்காரன் இப்போது பெரும்பாக்கத்தில் இருக்கிறான். காண்டிராக்டர் வெளியூரிலிருந்து ஆளும் ஜேசிபியும் கொண்டுவருவார். டீக்கடை, இஸ்திரி வண்டி, பூக்கடை என்று ஆற்றங்கரைப் பூங்காவால் பிழைக்கக்கூடியவர்களை முதலில் அகற்றிவிட்டு, பூங்கா வாசலில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு காபி ஷாப் வைப்பதை உள்ளூர்ப் பொருளாதாரம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நியூயார்க்கில் பழைய ரயில் பாதை மேல் ‘ஹை லைன்’ என்று பூங்கா போட்டு உலகமே புகழ்ந்தது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரே 2017-ல், பக்கத்துக் குடியிருப்பு ஏழைகளுக்கு இதனால் நன்மை செய்யத் தவறிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார். அதைப் பார்த்துத்தான் வாஷிங்டனில் அனகோஸ்டியா ஆற்றின் மேல் பாலப் பூங்கா திட்டமிட்டவர்கள், பாலத்துக்கு முன்பே கரையோர மக்களுக்காக நில அறக்கட்டளை ஏற்படுத்த வழி செய்தார்கள்.

சென்னையில் ஆறுகளைச் சீரமைக்க அமைத்த நிறுவனத்தின் பெயரிலேயே ‘அறக்கட்டளை’ இருக்கிறது. தண்ணீருக்கு அறக்கட்டளை வைக்கத் தெரிந்த நமக்குக் கரையில் இருக்கும் மனிதருக்கு வைக்கத் தெரியாதா? கரையோர நிலம் பெரும்பாலும் புறம்போக்கு. விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை, சட்டம் இயற்றி மாற்றிக் கொடுத்தால் போதும். அடுத்த ஆற்றுத் திட்டத்துக்குக் கரையில் கதவுகளில் எண் எழுத ஆள் வருவதற்கு முன்னால், அந்த வார்டில் எந்த சர்வே எண் நிலம் குடியிருப்போர் அறக்கட்டளைக்கு என்று அரசிதழில் வர வேண்டும். தண்ணீர் வழியில் உள்ள வீடுகள் அந்த நிலத்துக்குத்தான் நகர வேண்டும். பராமரிப்பு வேலை அந்தக் குடியிருப்பின் ஆட்களுக்குத்தான் என்று டெண்டரிலேயே எழுத வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் நான் எழுந்து இதைத்தான் கேட்பேன். உங்களில் யாராவது அந்தப் பக்கம் இருந்தால் தேதி தெரிந்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். முழங்கால் வலி இருந்தாலும் ஆட்டோ பிடித்து வந்துவிடுகிறேன்.